கிச்சாப் எல்லை தாண்டிய கதை

பதினோரு வருடமாக எங்கேயும் போகாத கோமளாதேவி டிசம்பர் பள்ளி விடுமுறையில் தன் நாயோடு காரில் தாய்லாந்துக்குப் போகப்போகிறாள் என்ற செய்தி எங்கள் தாமான் குடியிருப்பின் நாற்பத்திரண்டு வீடுகளுக்கும் ஒரே காலையில் போய்ச் சேர்ந்தது, ஏனென்றால் அவளே வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிச் சொன்னாள். வேறு யார் கையால் வைத்தாலும் அந்த நாய் சோறு தின்னாது என்பதற்காகத் தங்கை மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டுப் பந்தியில் உட்காராமல் திரும்பியவள் அவள். பினாங்குத் தேருக்குக்கூடப் போனதில்லை. அந்த நாயின் பெயர் கிச்சாப். சீனக்கடையில் கிச்சாப் என்று விற்கிற கறுப்புச் சோயாக் குழம்பின் நிறத்தில் இருந்ததால் அந்தப் பெயர். இனம் என்று எதுவும் கிடையாது, மழைக்காலத்தில் சாக்கடைக் குழாயிலிருந்து எடுத்து வந்தது.

ஏற்பாடு முழுக்க அவள் கணவர் புவனேந்திரனுடையது. அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், அதிகம் பேசாதவர். அப்படிப்பட்ட மனிதர் கால்நடை மருத்துவரிடம் நாயைக் கூட்டிப்போய்க் கழுத்துத் தோலுக்கடியில் அரிசி மணியளவு அடையாளச் சில்லு ஒன்றை வைத்து, வெறிநாய்க்கடி ஊசி போட்டு, சுகாதாரச் சான்றிதழ் வாங்கி, தாய்லாந்து அனுமதிக்கு மூன்று முறை எழுதிப்போட்டு, எல்லாவற்றையும் ஒரு நீலக் கோப்பில் அடுக்கி வைத்தார். கோமளா அந்தக் கோப்பைத் திறந்து காட்டிவிட்டு, "எனக்காகத்தான் இவ்ளோவும். வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு" என்று கண் கலங்கினாள். தாமானில் பல பெண்கள் அன்றைக்குத் தங்கள் புருஷன்மார்களோடு சரியாகப் பேசவில்லை.

புவனேந்திரன் மனதில் இருந்தது வேறு.

பினாங்கில் பதினான்காம் மாடியில் அவர் ஒரு வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். முழங்கால் தேய்ந்துவிட்டது, இனிப் பேருந்தை விட்டுவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம் என்பது அவர் ஆசை. அந்தக் கட்டடத்தில் நாய் வளர்க்கக்கூடாது. இதைக் கோமளாவிடம் சொல்ல அவர் எட்டு மாதம் முயன்றார். ஒவ்வொரு நாளும் வாயெடுப்பார், அவள் நாய்க்குச் சோறு பிசைந்துகொண்டிருப்பாள், வாயை மூடிக்கொள்வார். செப்டம்பரில் ஒரு நாள் நாயைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் தள்ளி எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றில் இறக்கிவிட்டு, "இரு, வீட்டுக்குப் போலாம், இப்ப வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். மூன்றாம் நாள் மத்தியானம் கிச்சாப் நான்கு பாதமும் கிழிந்து வாசலில் வந்து நின்றது. கோமளா ஒவ்வொரு காலாக எடுத்து மஞ்சளும் உப்பும் கலந்த வெந்நீரில் முக்கி, "எந்தப் பாவியோ புடிச்சிக்கிட்டுப் போயிருக்கான்ங்க" என்று அழுதாள். வெந்நீர்ப் பேசினைப் பிடித்துக்கொண்டிருந்தவர் புவனேந்திரன். நாய் அவர் கையை நக்கியது.

அதற்குப் பிறகுதான் அவருக்கு எல்லை என்ற யோசனை வந்தது. நாற்பது கிலோமீட்டரைத் தாண்டி வருகிற நாய் ஒரு நாட்டைத் தாண்டி வராது. கையில் தாளில்லாத நாயை எந்த அதிகாரி உள்ளே விடுவான்? அந்த ஊர் புத்தர் கோயில்களில் நாய்கள் கூட்டம் கூட்டமாக இருக்கும் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். அங்கே ஒன்றில் விட்டுவிட்டு, ஓடிப்போய்விட்டது என்று சொல்லி, இரண்டு நாள் கோமளாவோடு சேர்ந்து தேடிவிட்டுத் திரும்பிவிடலாம். பக்கத்திலிருக்கும் எல்லையை விட்டுவிட்டு, மலைச்சாலை வழியாகக் கிழக்கே ஐந்து மணி நேரம் ஓட்டிப்போய், அங்கே எல்லையாக ஓடும் மெராக் ஆற்றுப் பாலத்தைக் கடப்பதென்று முடிவு செய்தார். வழி அழகாக இருக்கும் என்று கோமளாவிடம் சொன்னார். ஆறு குறுக்கே ஓடினால் வாசனை அறுந்துவிடும் என்பது அவர் கணக்கு.

துணைக்கு எங்கள் தாமானின் லாரிப் பட்டறைக்காரர் சவரிமுத்துவும் அவர் மனைவி பிலோமினாவும் தங்கள் பிக்கப் வண்டியில் பின்னால் வந்தார்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பியபோது நாற்பத்திரண்டு வீட்டிலும் விளக்கு எரிந்தது. கிச்சாப் பின் இருக்கையில் உட்கார்ந்து சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தது. மருத்துவர் தாளில் அதன் எடை இருபத்திரண்டு கிலோ.

மலையடிவாரத்துத் தேநீர்க்கடையில் நிறுத்தியபோது சவரிமுத்து காரின் பின்புறத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"அண்ணே, பின்னால என்னா ஏத்தி வெச்சிருக்கீங்க? ஸ்பிரிங் படுத்துக் கெடக்கு."

"ரெண்டு பேக்கு, அரிசி, நாய்" என்றார் புவனேந்திரன்.

பைகளை இறக்கினார்கள். வண்டி எழும்பவில்லை. அரிசியை இறக்கினார்கள், எழும்பவில்லை. கோமளா கதவைத் திறந்தாள், கிச்சாப் வாலை ஆட்டிக்கொண்டு குதித்தது, கார் பெருமூச்சு விட்டதுபோல் ஒரு சாண் மேலே வந்தது, நாய் குதித்த இடத்தில் தார் சாலையில் நான்கு குழிகள் விழுந்தன. சவரிமுத்து அதன் வயிற்றுக்கடியில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். லாரி இஞ்சினைத் தனியாளாக நகர்த்துகிற அவரால் அதன் ஒரு காலைக்கூட நிலத்திலிருந்து பிரிக்க முடியவில்லை.

"கனத்துட்டான்" என்றார், காய்ச்சல் வந்துவிட்டது என்று சொல்வதுபோல.

யாரும் அதற்குமேல் வியக்கவில்லை. அப்போது எல்லாருக்கும் முன்னால் இருந்த கேள்வி ஸ்பிரிங் தாங்குமா என்பதுதான். பிக்கப் தாங்கும் என்றார் சவரிமுத்து. பின்பலகையைத் திறந்துவிட்டதும் நாய் எந்தச் சிரமமும் இல்லாமல் தாவி ஏறியது, ஏனென்றால் அதன் கனம் அதற்குத் தெரியவில்லை, மற்றவர்களுக்குத்தான் தெரிந்தது. வழியில் ஒரு செம்பனை ஆலையின் எடைமேடையில் வண்டியை ஏற்றிப் பார்த்தார்கள். எடைக் குமாஸ்தா வண்டியின் எடையைக் கழித்து நாயினுடையதை மட்டும் சொன்னான்: எழுநூற்று முப்பது கிலோ. சாப்பாட்டில் ஏதாவது மாற்றம் உண்டா என்று கேட்டான். இல்லை என்று கோமளா சொன்னாள்.

"புது எடத்துக்குப் போற பயம்" என்று பிலோமினாவிடம் அவள் விளக்கினாள். "பயத்துல சில பேருக்கு வயித்தால போகும். இவனுக்குக் கனம் ஏறுது." பிறகு கணவரிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்: "ஏங்க, பாவமா இருக்கு. திரும்பிடலாமா?"

"இவ்ளோ தூரம் வந்தாச்சு" என்றார் புவனேந்திரன். "ஒனக்காகத்தானே இதெல்லாம்."

அவர் அதைச் சொல்லி முடித்த நொடியில் பிக்கப்பின் பின்புறம் இன்னொரு விரற்கடை இறங்கியது. கோமளா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை. அவர் கவனித்தார். அதன்பிறகு மலைச்சாலை முழுக்க அவர் வாய் திறக்கவில்லை, பேசாமல் இருந்தால் கனம் நின்றுவிடும் என்று நினைத்தார், ஆனால் கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் பின்னால் வரும் வண்டியின் மூக்கு இன்னும் கொஞ்சம் வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருந்தது.

மெராக் ஆற்றங்கரைக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. கிழக்குக்கரையின் மழைக்காலம், ஆறு பழுப்பாக மரக்கிளைகளை இழுத்துக்கொண்டு ஓடியது. குடிநுழைவுச் சாவடியில் இருந்த சார்ஜண்ட் ரொஹானா என்ற அதிகாரி நீலக் கோப்பை முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை படித்தார். சரக்கு எடைமேடையில் நிறுத்தியதில் நாய் மட்டும் நான்கு டன் காட்டியது.

"தாளில் இருபத்திரண்டு கிலோ என்று இருக்கிறதே" என்றார் ரொஹானா.

"கெளம்பும்போது அவ்ளோதான் இருந்தான்" என்றாள் கோமளா.

ரொஹானா விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பயணத்தில் நாய் கனப்பதைத் தடுக்கிற விதி எதுவும் இல்லை. ஊசி இருக்கிறது, சில்லு இருக்கிறது, அனுமதி இருக்கிறது. முத்திரை குத்திவிட்டார். விடுமுறை நாள் என்பதால் பாலம் முழுக்க வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. பாலத்தின் நடுவே வெள்ளைக் கோடு ஒன்று இருக்கிறது, அந்தக் கோட்டில் ஒரு நாடு முடிந்து மற்ற நாடு தொடங்குகிறது. பிக்கப்பின் முன்சக்கரங்கள் கோட்டைத் தாண்டியதும் பின் அச்சு முறிந்தது. கிச்சாப் இறங்கி, சுற்றிலும் மோந்து பார்த்துவிட்டு, முன்கால்கள் அந்த நாட்டிலும் பின்கால்கள் இந்த நாட்டிலுமாகக் கோட்டின்மேல் படுத்துக்கொண்டது.

முதல் ஒரு மணி நேரம் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். இரண்டாம் மணி நேரத்தில் வண்டிகளை அணைத்துவிட்டு இறங்கி வந்து பார்த்தார்கள். இழுக்கலாம் என்றது ஒரு கூட்டம், கயிறு அறுந்தது. இறைச்சி காட்டலாம் என்றது இன்னொரு கூட்டம், கிச்சாப் கோமளா கையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. அந்தக் கரையிலிருந்து பெண்கள் செவ்வந்தி மாலை கொண்டுவந்து அதன் கழுத்தில் போட்டுக் கும்பிட்டார்கள். இந்தக் கரையிலிருந்து வந்தவர்கள் அதன் எடையை நான்கு இலக்கமாக்கி லாட்டரிக்கு நம்பர் எழுதினார்கள். மார்க்கப்படி நாயைத் தொடாத தாடிக்காரப் பெரியவர் ஒருவர், தொடாமலே, நீண்ட இரண்டு கழிகளில் தார்ப்பாயைக் கட்டி மழை படாமல் அதன்மேல் பிடித்துக்கொண்டு நின்றார், கை வலித்தபோது கழியைப் பக்கத்திலிருந்த லாரி ஓட்டுநரிடம் மாற்றிக் கொடுத்தார். கனத்துப்போன நாய் ஒன்று வழியில் படுத்திருக்கிறது என்பது மரம் விழுந்து கிடக்கிறது என்பதுபோல ஆகிவிட்டது. பொட்டலச் சோறு விற்பவள் தள்ளுவண்டியை நாய்க்குப் பத்தடி தள்ளி நிறுத்தி வியாபாரத்தைத் தொடங்கினாள்.

இரண்டரை மணிக்குப் பாலத்து இஞ்சினியர் ஊய் என்பவர் வந்தார். தோட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்த சீனர், நன்றாகத் தமிழ் பேசுவார். கைப்பிடிச் சுவரின் இரண்டு முனைக்கும் நூல் கட்டி, நடுவில் நூலுக்கும் சுவருக்கும் இருந்த இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தார். மூன்று விரல் போனது. கால் மணி கழித்து நான்கு விரல் போனது.

"எல்லாரும் பாலத்த விட்டு எறங்குங்க! ஓடாதீங்க, மெதுவா நடங்க! ஓடுனா ஆடும்!"

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அப்போதுதான் காலடியில் இருந்த முனகலைக் கேட்டார்கள். இவ்வளவு நேரம் அதை ஆற்றின் சத்தம் என்று நினைத்திருந்தார்கள். வண்டிகளைப் பின்னோக்கித் தள்ளியும், பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டும், வாயைப் பொத்திக்கொண்டும் இரண்டு கரைக்கும் நடந்தார்கள். அச்சு முறிந்த பிக்கப்பைப் பத்துப் பேர் கயிறு கட்டி இழுத்துப் போனார்கள். பாலத்தில் கடைசியில் இரண்டே உயிர்கள் மிஞ்சின. நாய், அதன் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த கோமளா.

இரண்டு நாட்டு அதிகாரிகளும் தொலைபேசியில் பேசி முடிவெடுத்தார்கள். சுடலாம் என்று ஒருவர் சொன்னதற்கு, சுட்டால் செத்த நாய் நடக்காதே, கனம் அங்கேயேதானே கிடக்கும் என்றார் ரொஹானா. மயக்க ஊசிக்கும் அதே பதில். பாலம் முழுவதும் போவதைவிட நடுத்துண்டு மட்டும் போவது மேல், ஐந்து மணிக்கு நாய் படுத்திருக்கும் இடத்தைச் சுற்றித் தளத்தை வெட்டி ஆற்றில் விட்டுவிடுவதென்று தீர்மானமாயிற்று. வெட்டுகிற இயந்திரம் வந்து சேர்ந்தபோது மணி நாலேகால்.

ஊய் ஒலிபெருக்கியில் அழைத்தார். "அக்கா, வந்துடுங்க. நேரமில்ல."

"அவன் வந்தா வர்றேன்" என்று அங்கிருந்தே கத்தினாள் கோமளா.

அவளைத் தூக்கி வர ஆட்களை அனுப்ப முடியாது, அத்தனை பேரைப் பாலம் தாங்காது. ஒரே ஒரு ஆள் போகலாம் என்றார் ஊய். கரையில் நின்ற எல்லாரும் புவனேந்திரனைப் பார்த்தார்கள்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். பாலத்தின் நடுப்பகுதி தொட்டில்போலக் குழிந்திருந்தது, மழைநீர் அங்கே ஓடிவந்து தேங்கி, நாயும் அவளும் கணுக்கால் தண்ணீரில் இருந்தார்கள். அங்கே அவர்கள் பேசியதைக் கோமளா பின்னால் பிலோமினாவிடம் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

"நீங்க போங்க" என்றாள் அவரைக் கண்டதும். "ஒங்க மேல எனக்கு வருத்தமில்ல. இவ்ளோ அலஞ்சி எனக்காகச் செஞ்சீங்க. பதினோரு வருசத்துல ஒரு தடவ கேட்டதில்ல நானு, நீங்களாப் பாத்துச் செஞ்சீங்க. அது போதும்."

பாலம் ஒரு விரற்கடை இறங்கியது. கீழே ஏதோ ஆணி தெறித்துத் தண்ணீரில் விழுந்தது.

"பேசாத கோமளா" என்றார்.

"ஏன், உண்மையத்தானே சொல்றேன்?"

"அவன அங்க விட்டுட்டு வரத்தான் கூட்டியாந்தேன்."

அவளுக்குப் புரியவில்லை. அவர் மறுபடியும் சொன்னார். பதினான்காம் மாடியைச் சொன்னார், அங்கே நாய் கூடாது என்பதைச் சொன்னார், கோயிலில் விட்டுவிட்டு ஓடிப்போய்விட்டது என்று சொல்ல இருந்ததைச் சொன்னார், அவளோடு சேர்ந்து தேட இருந்ததையும் சொன்னார். ஒரு தடவை தொடங்கிய பிறகு அவரால் நிறுத்த முடியவில்லை.

கோமளா நீண்ட நேரம் நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்ப, அந்தச் செம்பனத் தோட்டத்துல…"

"நான்தான்."

"நான் கால் கழுவுனப்ப தண்ணிப் பேசினப் புடிச்சிக்கிட்டு நின்னீங்களே."

அவர் குனிந்து நாயின் பாதங்களைப் பார்த்தார்.

"அந்தக் கோயில்ல யாரு அவனுக்குச் சோறு வெப்பா? என் கையத் தவிர வேற கையில திங்க மாட்டானே. யார்கிட்டயாவது கேட்டு வெச்சீங்களா?"

"இல்ல" என்றார். "அத நெனைக்கல."

அதைக் கேட்டதும் அவள் எழுந்தாள். புடவை முந்தானையைப் பிழிந்து இடுப்பில் செருகினாள். "வாடா கிச்சாப்பு" என்று ஒரு முறை கூப்பிட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல், அவன் பின்னால் வருவான் என்ற நம்பிக்கையோடு வீட்டுப்பக்கம் நடந்தாள். உண்மையைச் சொன்னதும் கனம் இறங்கிவிடும், நாய் எழுந்து ஓடிவிடும் என்றுதான் புவனேந்திரனும் நினைத்தார். கனம் இறங்கவில்லை. கிச்சாப் போகிறவளைப் பார்த்தது, பிறகு தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது, அவர் பாதத்தின்மேல் முகவாயை வைத்துக்கொண்டது. நல்லவேளை, பாதத்தின் ஓரத்தில்தான் வைத்தது, சுண்டுவிரல் மட்டும் நசுங்கியது. தன்னோடு இருக்கத்தான் அது விரும்புகிறது என்பதை அவர் அந்த வலியில் அறிந்தார். பதினோரு வருடமாகத் தினம் மத்தியானம் பேருந்துச் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடிவந்தது அவருக்காகத்தான், அவர் இறங்கி அதைத் தாண்டிப் போய்க் கை கழுவுவார்.

"வாடா, வீட்டுக்குப் போலாம்" என்றார். நாய் அசையவில்லை. தோட்டத்திலும் அவர் இதே சொல்லைத்தான் சொல்லியிருந்தார்.

கோமளா இந்தக் கரையை அடைந்த அதே கணத்தில் அவள் பின்னால் இடி விழுந்ததுபோல் ஒரு சத்தம் எழுந்தது. வீட்டுப்பக்கத்து இணைப்பு வாய் பிளந்துகொண்டது. அந்த வெடிப்பு வழியாக ஆறு தெரிந்தது.

"இந்தப் பக்கம் வராதீங்க!" ஊய் குரல் உடையக் கத்தினார். "ஜாயிண்டு விட்டுடுச்சி! நீங்க மட்டும்னா வரலாம், நாயோட வராதீங்க! நாய விட்டுட்டு ஓடியாங்க!"

கரை முழுக்க அதையே கத்தியது. தமிழிலும் மலாயிலும் சீனத்திலும், அந்தக் கரையில் தாய்லாந்து மொழியிலும், விட்டுட்டு வா, விட்டுட்டு வா. கோமளா மட்டும் கத்தவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

புவனேந்திரன் தேங்கிய தண்ணீரில் நாயின் பக்கத்தில் உட்கார்ந்தார். அதனிடம் இனிப் பொய் சொல்ல முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அதனால் எதைச் சொல்லலாம் என்று தேடினார். கடைசியில் சொன்னது இவ்வளவுதான்: "அந்தப் பக்கம் போயிட்டா திரும்பி வர முடியாதுடா. எந்தப் பாலமும் ஒன்னத் தாங்காது. நீ எங்கயோ நானும் அங்கதான். எந்திரி."

கிச்சாப் எழுந்தது. இலேசாகவில்லை, நான்கு டன்னோ ஐந்து டன்னோ அப்படியேதான் இருந்தது, ஆனால் எழுந்தது. அந்தக் கரைக்கு நூற்று அறுபது அடி. நாய் ஒரு காலை எடுத்து வைக்கும், பாலம் அலறும், இருவரும் நிற்பார்கள், அலறல் அடங்கும்வரை அவர் அதன் கழுத்தில் கை வைத்துக் காத்திருப்பார், பிறகு அடுத்த கால். வெட்டுகிற இயந்திரத்தோடு வந்தவர்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்கள். கரையில் நின்ற ஆயிரம் பேரும் ஒவ்வொரு காலுக்கும் மூச்சை இழுத்து, ஒவ்வொரு காலுக்கும் விட்டார்கள். ஐந்து மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது கிச்சாப்பின் முன்கால் அந்த நாட்டு மண்ணில் பட்டு முழங்கால்வரை புதைந்தது. அது தன் கடைசிக் காலை இழுத்துக்கொண்டதும், பாலத்தின் நடுத்துண்டு எந்தப் பெரிய சத்தமும் இல்லாமல் கழன்று ஆற்றில் இறங்கியது.

அந்தக் கரை அதிகாரி வீரபோங் குடை பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். இரண்டு பேருக்கும் முத்திரை குத்த வேண்டும். வந்த காரணம் என்ற கட்டத்தில் கோப்பில் ஏற்கெனவே எழுதியிருந்தது: விடுமுறை. முப்பது நாள் என்று குத்திக் கொடுத்தார்.

முப்பது நாள் முடிந்ததும் அவரே தேடிவந்து அடுத்த முப்பது நாளுக்குக் குத்தினார். நாயை எப்படியும் திருப்பி அனுப்ப முடியாது, நாயைத் தனியாக விடவும் முடியாது, இதற்கு மேலிடத்தில் யாரிடமும் பதில் இல்லை. அந்த ஊர் அவர்களை அப்படியே ஏற்றுக்கொண்டது. நெல் ஆலைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை கொடுத்தார்கள், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகிற வண்டி ஓட்டும் வேலை கொடுத்தார்கள். கிச்சாப் முதல் ஒன்பது நாள் எதுவும் தின்னவில்லை. பத்தாம் நாள் அவர் கையால் பிசைந்த சோற்றை மோந்து பார்த்து, ஒரு வாய் எடுத்தது. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஆலைக்காரர்கள் அதை எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பார்கள். ஒரு மாதம் குறையும், ஒரு மாதம் ஏறும், ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

கோமளா பதினான்காம் மாடிக்குப் போகவில்லை. எங்கள் தாமானில் அதே வீட்டில் இருந்தாள். யாராவது புவனேந்திரனைத் திட்டினால் எழுந்து போய்விடுவாள், யாராவது பாவம் என்றாலும் எழுந்து போய்விடுவாள். அவர் தினம் ஆறு மணிக்குத் தொலைபேசியில் அழைத்தார். நான்கு மாதம் அவள் எடுக்கவில்லை. ஐந்தாம் மாதம் ஒரு நாள் எடுத்து, "சாப்பிட்டானா?" என்றாள். "சாப்பிட்டான்" என்றார். வைத்துவிட்டாள். அதன்பிறகு தினமும் அதே கேள்வி, அதே பதில். தீபாவளிக்கு முந்தின நாள், வைக்கப்போனவள் வைக்காமல், கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்க இருந்துவிட்டு, "நீங்க?" என்று கேட்டாள்.

அந்தத் தீபாவளிக்கு அடுத்த வருடம் ஜூனில் புதிய பாலம் நடப்பவர்களுக்கு மட்டும் திறந்தது. சவரிமுத்துவும் பிலோமினாவும் அவளைக் கரைவரை கொண்டுபோய் விட்டார்கள். கோமளா ஒரு பையோடு தனியாக நடந்து கடந்தாள். கொட்டகை வாசலில் கிச்சாப் அவளை வெகுதூரத்திலேயே பார்த்துவிட்டது, ஆனால் ஓடிவரவில்லை. தன் கனம் அதற்கு இப்போது தெரிந்திருந்தது. ஒவ்வொரு அடியாக வைத்து வந்து, தரையில் உட்கார்ந்த அவள் மடியில், மிக மிக மெதுவாகத் தலையை இறக்கியது. அவள் தொடைகள் ஈர மண்ணில் அழுந்தின.

புவனேந்திரன் கையில் சோற்றுக் கரண்டியோடு வெளியே வந்து நின்றார். தலை நரைத்திருந்தது, மெலிந்திருந்தார்.

"கால் போயிடும் கோமளா. நகத்து."

அவள் அவரைப் பார்க்கவில்லை. நாயிடம் சொன்னாள்: "இவருகிட்ட சொல்லுடா கிச்சாப்பு. முப்பது நாள் போட்டுக் குடுத்திருக்காங்க. இந்த முப்பது நாளும் நான் ஒங்கிட்டதான் பேசுவேன். வேணும்னா அவரு பக்கத்துல நின்னு கேட்டுக்கட்டும்."

அவர் நின்று கேட்டார். அவள் தாமானில் யார் வீடு மாறிப்போனார்கள், யார் இறந்தார்கள், வீட்டுக் கூரை எந்த இடத்தில் ஒழுகியது, அதை யார் ஏறி அடைத்தார்கள், எத்தனை நாள் அவள் வாசல் கதவைப் பூட்டாமல் படுத்தாள் என்று எல்லாவற்றையும் நாயின் காதில் சொன்னாள். சில இடங்களில் குரல் உயர்ந்தது, சில இடங்களில் நெடுநேரம் நின்றது. சோறு ஆறிப்போனது. கடைசியில் அவள் கேட்டாள்:

"இங்கேருந்து கடல் எவ்ளோ தூரம்டா?"

நாய் சொல்லாததால் புவனேந்திரன் சொன்னார். "நாலு மைலு. வண்டி தாங்காது. நடந்துதான் போகணும். இவன் நடைக்கு ரெண்டு நாளாகும்."

கோமளா நாயின் காதை ஒரு முறை நீவிவிட்டாள்.

"நாளைக்கு வெயிலுக்கு முந்தி கெளம்பலாம்டா கிச்சாப்பு" என்றாள். "அரிசி, சட்டி எல்லாம் தூக்க ஆள் வேணும். அவரையும் வரச் சொல்லு."